கடைசி ஆள் கை கழுவும்வரை

ஆயா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் இல்லத்தில் என்னைக் கேட்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. படுக்கை விரிப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது, ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குச் சொந்தமாகத் தெரிந்ததெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அவற்றில் ஒன்றை எழுதுகிறேன். கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று மடித்து வைத்தாலும் சரி, சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்ளும் ஒருவர் உங்கள் கைக்கு வரும் நாளில் மட்டும் இதைப் பிரித்துப் படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பங்களா. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, பார்க்க ஆளில்லாத வயசானவர்களை அதில் வைத்துக் காப்பாற்றினார்கள். முதியோர் இல்லம் என்ற அழகான பெயர் அப்போது எங்கள் வாயில் வராது. ஊரூர்க் குப்பத்தில் நாங்கள் அதைக் கிழவர் பங்களா என்றுதான் சொல்வோம். நான் அந்தக் குப்பத்துப் பெண். காலையில் என் அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போவாள், நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மணலில் நடந்து மறுபக்கம் போவேன்.

அந்த வீட்டின் மத்தியானங்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பதினோரு மணி வாக்கில் கடல் காற்று எழும்பும். ஆற்றுத் தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக மேலே ஏறி, கூரையில் அசைந்துகொண்டே இருக்கும். மல்லாந்து படுத்திருக்கும் கிழவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக அவரவர் காலத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவர் எப்போதோ போய்விட்ட ரயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். ஒரு அம்மாள் பள்ளிக்கூடம் விட்டுப் பெண் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்ப்பாள்; அந்தப் பெண்ணுக்கே பேரன் பிறந்திருப்பான். இது எந்த வருஷம் என்று யாராவது கேட்டால் கட்டிலுக்கு ஒரு வருஷம் சொல்ல வேண்டியிருக்கும். புதிதில் நான் எல்லாரையும் திருத்திக்கொண்டே இருப்பேன். பிறகு எனக்கும் அந்த வெளிச்சம் பழகிவிட்டது. சில மத்தியானங்களில் நான் கையில் தண்ணீர்ச் செம்போடு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என்னைத் தட்டி எழுப்ப ஒரு சத்தம் உண்டு. அது மேட்ரன் அம்மாவின் சாவிக்கொத்து. மயிலாப்பூரில் கோயிலை ஒட்டி அவர் வீடு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர், நர்ஸ் படிப்புப் படித்து எல்லாரையும் எதிர்த்துக்கொண்டு வேலைக்கு வந்தவர் என்று பேசிக்கொள்வார்கள். அவருக்குச் சாப்பாடு வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வரும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கடைசியில், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நாங்கள் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக்கூட வாங்க மாட்டார். காலம் அப்படி, எங்களுக்கு வருத்தமில்லை என்று எழுதலாம். பொய்யாகிவிடும். எனக்கு வருத்தம் இருந்தது.

ஆனால் அவரைப்போல வேலை செய்கிறவரை நான் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு முன்னால் ஆயாக்கள் கெட்டியான சோற்றைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் தண்ணிச் சாற்றைக் கிழவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். அவர் வந்த முதல் வாரமே ஒரு சட்டம் போட்டார். வீட்டில் இருக்கும் கடைசிக் கிழவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆயாக்கள் இலை போடலாம். நான் சேர்ந்த வருஷமே ஒருத்தி அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் தயிர்ச் சோறு போட்டுக்கொண்டாள் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் காலில் விழுந்து அழுதும் அசையவில்லை. அந்தச் சட்டத்தில் எனக்கு மரியாதை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் தாயாரம்மா வந்தாள்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துப் பக்கம் சோற்றுக் கடை வைத்திருந்தவள். வண்டிக்காரர்கள், நெசவுக்காரர்கள், அச்சாபீஸ் ஆட்கள் எல்லாருக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டவள். புருஷன், பிள்ளை யாரும் இல்லை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, கொதிக்கிற குழம்பில் கையை விட்டுக்கொண்ட பிறகு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வந்த மறுநாளே எங்கள் வார்டு அவளுக்குக் கடையாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே, "வா நைனா, உள்ள தள்ளி உக்காரு. சாறு சூடா கீது" என்பாள். ரயிலுக்குக் காத்திருக்கும் தாத்தா, "சீக்கிரம் போடுங்க, வண்டி வந்துடும்" என்பார். "வண்டி எங்க போயிடும்? துன்னுட்டுப் போ" என்று அதட்டுவாள். அவள் வந்த பிறகு அந்தத் தாத்தா நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் சாப்பிடவில்லை. அதுதான் விஷயம்.

மோர் குடிப்பாள். காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர். சோற்றைக் கொண்டுபோனால், "கடைசி ஆளு கைய கழுவிட்டானா?" என்று கேட்பாள். கழுவிட்டான் பாட்டி, நீங்க சாப்பிடுங்க என்பேன். உடனே என் வலது கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கையை விட்டுவிடுவாள். இலையை ஒதுக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் மீன்காரி மகள். என் கையை ஒருத்தர் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் எனக்கு என்ன தோன்றும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னோடு பேசியிருக்கிறாள். கூவம் ஓரத்தில் கடை வைத்தவளுக்கு என் கை நாறுகிறதாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் முதல் அவளுக்குச் சோறு கொண்டுபோகும் முன் புளி போட்டுத் தேய்ப்பேன், சாம்பல் போட்டுத் தேய்ப்பேன், எலுமிச்சம்பழத் தோலால் விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பேன். நகக்கண் எரியும். அப்படிக் கழுவிய கையை நீட்டினால் அவள் இன்னும் அதிக நேரம் முகர்ந்து பார்ப்பாள். தலையை ஆட்டிவிட்டு, மோர் போதும் என்பாள்.

என்னால் முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று மேட்ரனிடம் கேட்டேன். மாம்பலத்திலிருந்து வரும் சின்னப்பொண்ணு என்ற ஆயாவைப் போட்டார். அவள் கையையும் முகர்ந்து பார்த்தாள், அவளிடமும் சாப்பிடவில்லை. சின்னப்பொண்ணு மீன் கூடையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அங்கேயாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் ரோஷம் வந்தவளுக்கு யோசனை எங்கே வரும்? கிழவிக்குத் திமிர், ஆயா கை என்றாலே இளப்பம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இருபது நாளில் அவள் தோள் எலும்பு சேலைக்கு மேலே தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடும் குரல் மட்டும் குறையவில்லை, மெலிந்தது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கோளாறு ஒன்றுமில்லை, வாழ இஷ்டம் விட்டுப்போச்சு என்றார். அடுத்த முறை தான் வருவதற்குள் சாப்பிடாவிட்டால் மூலை அறைக்கு மாற்றிவிடச் சொன்னார். மூலை அறை என்றால் எங்களுக்குத் தெரியும். நாலு கால் சரியாக இருக்கும் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அமைதி. அங்கே போய்த் திரும்பி வார்டுக்கு வந்தவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு நாள் தாடையை அழுத்திப் பிடித்து, கரைத்த சோற்றைக் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கால் ஊற்றினேன். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை, தள்ளவில்லை. பார்வை இல்லாத கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. "இன்னா பாவம் பண்ண வெக்கிற கண்ணு" என்றாள். எனக்குப் புரியவில்லை. பாவம் செய்தவள் நானல்லவா? அந்தச் சங்கை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

டாக்டர் வருவதற்கு முதல் நாள். மூலை அறைக் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு போட்டாகிவிட்டது. மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்துவிட்டார்கள். கூரையில் தண்ணீர் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்குரிய இலையையும் சோறு, குழம்புப் பாத்திரங்களையும் அவள் எதிரே தரையில் வைத்தேன். கட்டிலில் உட்கார முடியாமல் கீழே பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கை வேண்டும் என்பதுபோல் விரலை நீட்டினாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"முகர்ந்து பார்த்தது போதும். மீன் நாத்தம் வருதுன்னு வாய்விட்டுச் சொல்லிடு பாட்டி. நான் குப்பத்துக்காரிதான். எத்தினி தேய்ச்சாலும் அது போவாது" என்றேன்.

அவள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"மீனா?" என்றாள். "மீன் வாசன வந்தா சந்தோசமாச்சே. ஒரு வாசனயும் வர்லியே. சாறு வாசன இல்ல, சோத்து வாசன இல்ல. புளியும் சாம்பலும்தான் வர்து. காத்தால புடிச்சி நீ ஒண்ணும் துன்னல. தெனம் இப்டியே வந்து துன்னு துன்னுன்ற. பசியோட ஒருத்தி எதுருல நின்னுகினு கீறா, கடக்காரி எப்டி வாயில வெப்பா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக அவள் கடையில் அதுதான் சட்டம். கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை கடைக்காரி மோரோடு நிற்க வேண்டும். கண் போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டு, பசியை மறைத்துக்கொண்டு ஆச்சு என்று சொல்கிறவர்களைக் கையை முகர்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் பங்களாவிலோ அவள் சாப்பிடாமல் நான் சாப்பிடக் கூடாது; அவள் மோரோடு முடித்து, அவள் இலையை எடுத்த பிறகுதான் எங்கள் இலை. நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். இப்படி இருபத்தைந்து நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் கையை எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தேனோ அவ்வளவு பட்டினிக்காரியாக அவளுக்குத் தெரிந்திருக்கிறேன்.

விரலில் கொஞ்சம் குழம்பைத் தடவிக் காட்டிவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் மெல்லுகிற சத்தம் கேட்காத பந்தியை அவள் நம்ப மாட்டாள். ஒருமுறை ஏமாற்றியது தெரிந்தால் பிறகு யார் கையையும் நம்ப மாட்டாள். மேட்ரனிடம் ஓடிப்போய்க் கேட்கலாம். அவர் முன்கட்டில் கமிட்டி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். கிழவர்களுக்கு வரும் தெளிவு கால் மணி நேரம் நிற்கும், அரை மணி நிற்கும். நான் திரும்பி வருவதற்குள் அவள் வேறு எங்கேயாவது போயிருப்பாள். இந்த வேலை போனால் அம்மாவோடு கூடை தூக்கத்தான் வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில்தான்.

"எனக்குப் போடு பாட்டி, பசிக்குது" என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இலையைத் தடவிப் பார்த்து என் பக்கம் தள்ளினாள். பக்கத்துப் பாத்திரத்திலிருந்து நடுங்கும் கையால் சோறு எடுத்து வைத்தாள். ஒரு பருக்கை வெளியே விழவில்லை. குழம்பு ஊற்றி, "கத்திரிக்கா கீது, ஒதுக்காத" என்றாள். நான் சாப்பிட்டேன். நாலு வாய் போயிருக்கும். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"அஞ்சலை! என்ன பண்ணிண்டிருக்கே?"

வாய் நிறையச் சோறு. என்ன செய்கிறேன் என்பது பார்த்தாலே தெரியும். "சாப்ட்டுகினு கீறேம்மா" என்றேன்.

"எழுந்திரு."

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் போட்ட சட்டம் நல்ல சட்டம். வயசானவர்களின் சோற்றை யாரும் திருடக் கூடாது என்பதற்காகப் போட்டது. நல்ல சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பது, கெட்ட சட்டத்தை மீறுவதைப்போல லேசான காரியம் இல்லை. உடம்பெல்லாம் எழு எழு என்கிறது. எழுந்தால் பாதி இலையில் ஆள் எழுந்து போனதாக ஆகிவிடும். சோற்றுக் கடைக்காரிக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதற்குப் பிறகு அவள் சாப்பிடவே மாட்டாள்.

"எழுந்தா இவுங்க துன்ன மாட்டாங்கம்மா. நான் பட்டினின்னுதான் இத்தினி நாளா துன்னல. கைய கழுவிக்கிறேன், அப்பால வூட்டுக்குப் போன்னாலும் போறேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இலையைத் துடைத்துச் சாப்பிட்டேன். செம்புத் தண்ணீரில் சத்தம் வரக் கை கழுவிவிட்டு வலது கையை நீட்டினேன். தாயாரம்மா முகர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் சிரித்து நான் பார்த்தேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் வாசற்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாரும்மா அது? சாவி சத்தம் கேக்குதே. நீங்க சாப்ட்டீங்களா?"

மேட்ரன் அம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய் வராது.

"இன்னும் இல்லை. எனக்கு ஆத்துலேர்ந்து வந்திருக்கு, அப்புறமா சாப்பிட்டுக்கறேன். நீங்க சாப்பிடுங்கோ பாட்டி."

"அப்போ கட இன்னும் முடியல" என்று தாயாரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வர நேரமாகும் என்றால் காத்திருப்பாளே, அந்தப் பொறுமையோடு சொன்னாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. என் கைத் தண்ணீரை வாங்காதவர். தான் சமைத்தது, தன் வீட்டில் சமைத்தது தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவர். இங்கே சாப்பிட்டார் என்று வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கோ கடல் சத்தம் கேட்டது. ரயில் தாத்தா தூக்கத்தில் எதையோ முனகினார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கட்டிலில் வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் என் பக்கத்தில், வெறும் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பிடி போறும் பாட்டி" என்றார்.

"ஒரு புடி துன்னுட்டு இன்னா வேல செய்வீங்க?" என்று அதட்டி, நான் எடுத்துப் போட்ட புது இலையில் தாயாரம்மா தாராளமாகவே வைத்தாள். மேட்ரன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை எடுத்தார். அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டார். நான் செம்பைச் சாய்த்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன், அவர் கழுவிக்கொண்டார். பிறகு அவரே அந்தக் கையை நீட்டினார்.

தாயாரம்மா முகர்ந்து பார்த்தாள். வேறு யாராவது உண்டா என்று ஒரு முறை காதைக் கொடுத்துக் கேட்டாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், மீதியிருந்த சோற்றை நான் போட்ட இன்னொரு இலையில் வழித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பருக்கையையும் தடவி எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு கீதா?"

நான் எழுந்திருப்பதற்குள் மேட்ரன் அம்மா எழுந்து சமையலறைக்கு ஓடினார். அத்தனை வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.